குன்னூர் டீக்கடையில் ஐஸ் ஹாக்கி

கிரிக்கெட் ஓடாத டீக்கடை குன்னூரில் ஒன்று இருக்கிறது. பெட்ஃபோர்டு பக்கம், விடிவதற்கு முன்பே ஷட்டர் ஏற்றிவிடுவார்கள். கடைக்காரரின் மகன் கனடாவில் வேலை பார்க்கிறார், ஐஸ் ஹாக்கி பார்க்கும் சந்தா அவர் உபயம். அங்கே குளிர்காலத்தில் இரவு ஏழுக்குத் தொடங்கும் டொராண்டோ ஆட்டம் இங்கே காலை 5:30-க்கு நேரலை.

டீ நல்ல திக்கு, இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல். வர்க்கி அடுப்புச் சூட்டோடு வருகிறது. கிள்ளினால் அடுக்கடுக்காக உதிரும். டம்ளரில் முக்கியதும் சட்டென்று வாயில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பாதி அடியில் போய்விடும்.

கடைக்கார அண்ணன் பேச ஆரம்பித்தால் வேலைக்கு லேட்தான். அவருக்கு சாமி என்றால் ஐஸ் ஹாக்கி வீரர் கோர்டி ஹோவ். டெட்ராய்ட் ரெட் விங்ஸில் 25 சீசன் ஆடி 1971-ல் ஓய்வு பெற்றவர், 1973-ல் மார்ட்டி, மார்க் என்ற தன் பையன்களோடு ஹூஸ்டன் ஏரோஸ் அணியில் மறுபடி இறங்கினார். 1979-80-ல் ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸில், ஐம்பதைத் தாண்டிய வயதில், 80 ஆட்டம், 15 கோல்! நம்மூரில் அந்த வயதில் மூட்டுத் தைலம்தான். மார்க்கும் 2011-ல் ஹாக்கி சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். "அப்பன் பேரைச் சொல்லி இடம் பிடிச்சவன்னு அவனைச் சொல்ல முடியாது தம்பி" என்றார் அண்ணன், சர்க்கரை போட்டபடியே.

குறை? டிவி சின்னது, பக் (பந்துக்குப் பதில் அடிக்கிற ரப்பர் வட்டு) எங்கே போகிறதென்றே தெரியாது. மழை நாளில் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். ஜிபே கிடையாது, சில்லறையோடு போங்கள்.