வேலைக்குப் போகிற கிறிஸ்தவர்கள் இந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். நான் பேசுவது பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி சகோதரர் லாரன்ஸின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய, ஆங்கிலத்தில் 'த பிராக்டிஸ் ஆஃப் த பிரசன்ஸ் ஆஃப் காட்' என்ற பெயரில் கிடைக்கிற புத்தகத்தைப் பற்றி. ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய அளவுதான். ஆனால் அப்படி வேகமாக ஓட்டினால் பாதி விஷயம் தங்காது. இது யாருக்கு உதவும், எந்த இடத்தில் போதாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"உங்கள் வேலையும் ஆராதனைதான்" என்று பிரசங்கத்தில் கேட்காத கிறிஸ்தவர் குறைவு. கொலோசெயர் 3:23-ஐ வாசிப்பார்கள், எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்ய வேண்டும் என்பார்கள், நாமும் ஆமென் சொல்வோம், திங்கட்கிழமை காலை வேலையில் உட்கார்ந்தபிறகு அந்த வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மட்டும் தெரியாது. அப்புறம் நம் மனதுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. முழுநேர ஊழியத்துக்குப் போனவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் எல்லாம் 'உலக வேலை' பார்த்துக்கொண்டு காணிக்கை கொடுக்கிறவர்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பலரும் இந்தப் பாரத்தோடுதான் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல புத்தகம் இல்லை, காரணம் இதில் பேசுகிறவர் பாத்திரம் கழுவியவர்.

அவருடைய இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். 1614 வாக்கில், இன்றைய பிரான்ஸின் கிழக்கில் உள்ள லொரேன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டார், நொண்டி நடக்கும்படி ஆகிவிட்டது. பிறகு ஓர் அதிகாரியிடம் பணியாளாக இருந்தார். அங்கே தான் எதைத் தொட்டாலும் உடைத்துவிடுகிற தடுமாற்றக்காரனாக இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸில் கார்மேல் துறவற மடத்தில் சேர்ந்தார், குருவாக அல்ல, கைவேலை செய்யும் சகோதரராக. வெகுகாலம் சமையலறை, பிற்பாடு மற்றவர்களின் செருப்புகளைத் தைத்துச் சீராக்கும் வேலை. 1691 பிப்ரவரி 12 அன்று இறந்தார். அவர் புத்தகம் எழுத உட்கார்ந்தவரே இல்லை. 1666இல் அவரைப் பார்க்க வந்து பேச ஆரம்பித்த ஜோசப் டி போஃபோர் என்ற குரு, அந்தப் பேச்சுகளைக் குறித்து வைத்திருந்து, அவர் இறந்தபிறகு கடிதங்களோடு சேர்த்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற செய்தி, லாரன்ஸுக்குச் சமையலறை வேலை பிடிக்காது என்பது. லேசான சலிப்பு இல்லை, இயல்பிலேயே பெரிய வெறுப்பு இருந்தது என்றுதான் உரையாடலில் வருகிறது. பிடிக்காத அந்த வேலையைத்தான் பதினைந்து ஆண்டுகள் செய்தார், எல்லாவற்றையும் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்யப் பழகியதால் அது எளிதாகிவிட்டது என்கிறார். இன்றைக்கு இந்தத் தலைப்பில் வருகிற பேச்சுகள் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றன என்று யோசித்துப் பாருங்கள்: உனக்குப் பிடித்த வேலையைக் கண்டுபிடி, அதுதான் தேவன் உனக்கு வைத்த அழைப்பு. அப்படியானால் பிடித்த வேலை கிடைக்காத கோடிக்கணக்கான பேர், குடும்பத்துக்காக எது கிடைத்ததோ அதைப் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு ஆராதனை இல்லையா? லாரன்ஸ் அவர்கள் பக்கம் நிற்கிறார். வேலையை மாற்றினால்தான் பரிசுத்தமாக முடியும் என்று நினைக்க வேண்டாம், வழக்கமாக நமக்காகச் செய்வதையே கடவுளுக்காகச் செய்தால் போதும் என்பது அவர் கருத்து.

சரி, எப்படிச் செய்வது? பதில் நான்காவது உரையாடலில் இருக்கிறது. வேலையை ஆரம்பிக்கும்போது அவர் கடவுளிடம் பிள்ளை தகப்பனிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்: நீர் என்னோடு இருக்கிறீர், இப்போது நான் இந்த வெளிவேலையில் மனதைச் செலுத்த வேண்டும், அப்போதும் உம்முடைய சமுகத்தில் நிலைத்திருக்கக் கிருபை தாரும். இதை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். வேலையிலிருந்து மனதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும்படி அவர் கடவுளைக் கேட்கவில்லை, வேலையில் மனதைச் செலுத்தும்போதே அவரோடு இருக்கத்தான் உதவி கேட்கிறார். முடித்தபிறகு எப்படிச் செய்தோம் என்று பார்க்கிறார். நன்றாக வந்திருந்தால் நன்றி, இல்லையென்றால் மன்னிப்பு, உடனே அடுத்த வேலை. குற்றவுணர்ச்சியில் உட்கார்ந்து புழுங்குவதில்லை. அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை, ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் செய்தார் என்று போஃபோர் எழுதுகிறார். பலர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று கேட்டுக் கத்துகிற சமையலறைச் சத்தத்திலும், நற்கருணைக்கு முன் முழங்காலில் இருக்கிற அதே அமைதி தனக்கு இருந்தது என்றும் லாரன்ஸ் சொல்லியிருக்கிறார்.

நான் பார்ப்பது தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை, அதனால் ஆளுக்கொன்று கேட்டுக் கத்துகிற அந்த வரி எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு அழைப்பு முடிந்து அடுத்தது வருமுன் காதில் ஒரு சின்ன பீப் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் "ஆண்டவரே, இவர் சொல்வதை முழுசாகக் கேட்க எனக்கு மனசு தாரும்" என்று மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் ஜெபத்தைப் பற்றி நினைக்க நேரம் கிடையாது, நினைக்கவும் கூடாது. ஒருவர் தப்பான பில்லைப் பற்றி ஏற்கெனவே பலரிடம் சொன்ன கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்வார், குரல் உயரும், நடுவில் வீட்டில் யாரையோ அதட்டுவார். குறுக்கே பேசாமல் கேட்டு, கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, அவர் மறுபடி யாருக்கும் இதே கதையைச் சொல்ல வேண்டியில்லாதபடி குறிப்பைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். அந்தக் குறிப்பு ஆராதனை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். யாரும் பாராட்டப் போவதில்லை, அடுத்த ஷிப்டில் அதைப் படிக்கிறவருக்கும் என்னைத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும்.

இது லாரன்ஸ் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில், 31ஆம் அதிகாரத்தில், மடத்தின் பொருட்களைக் கவனிக்கிறவர் அங்குள்ள சாமான்கள் எல்லாவற்றையும் பீடத்தின் பரிசுத்தப் பாத்திரங்களைப்போல எண்ண வேண்டும் என்று இருக்கிறது. அதற்கும் வெகுமுன்னால் சகரியா 14ஆம் அதிகாரம், பிரதான ஆசாரியனின் பாகையில் இருந்த பொற்தகட்டில் வெட்டப்பட்ட 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற அதே எழுத்து குதிரைகளின் மணிகளில் இருக்கும், எருசலேமிலும் யூதாவிலும் உள்ள சாதாரணப் பானைகள்கூடப் பரிசுத்தமாயிருக்கும் என்கிறது. இந்தப் பின்னணியோடு படித்தால், ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதும் கடவுள்மேல் உள்ள அன்புக்காகத்தான் என்று லாரன்ஸ் சொல்வதில் வேதத்தின் கனம் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இரண்டாவது உரையாடலில் வருகிறது. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க அவரை பிரான்ஸின் பர்கண்டி பகுதிக்கு அனுப்புகிறார்கள். அவருக்கு வியாபாரம் வராது. காலும் சரியில்லை, படகில் எழுந்து நடக்க முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் இங்கிருந்து அங்கே போகிறார். இந்த நிலையில் அவர் கடவுளிடம் சொன்னது, இது உம்முடைய காரியம் என்பதுதான். கவலைப்படவில்லை, பிறகு பார்த்தால் வேலை நன்றாகவே முடிந்திருந்தது. நமக்குத் திறமை இருக்கிற வேலையைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகச் சொல்வது சுலபம். வராத வேலையை, வலியோடு செய்கிற வேலையை, இது உம்முடையது என்று சொல்ல முடிகிறதா? அந்த ஒரு பத்திக்காகவே இந்தப் புத்தகத்தை நான் நண்பர்களுக்குக் கொடுப்பேன்.

குறையையும் சொல்ல வேண்டும். லாரன்ஸ் சம்பளம் வாங்கியவர் அல்ல, அவர் சமைத்தது எல்லோருக்கும் பொதுவான உணவு. அதனால் கூலி, அநியாயமான முதலாளி, வேலையே ஏமாற்று வேலையாக இருப்பது, இவற்றைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எதுவும் இல்லை. இது சின்னக் குறை அல்ல. 'வேலையே ஆராதனை' என்ற பேச்சைக் காட்டிக் கூடுதல் நேரம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காத கிறிஸ்தவ முதலாளிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் புத்தகம் வசதியாகப் போய்விடும். கொலோசெயர் 3:23 அடிமைகளைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளின் நடுவில் வருகிறது, மூன்றே வசனம் தள்ளி 4:1இல் எஜமான்களுக்கு, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்று வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்காத பிரசங்கம் பாதிப் பிரசங்கம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. லேவியராகமம் 19 எடைக்கல்லும் படியும் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது, தராசே ஆராதனையின் விஷயம் அங்கே. யோவான்ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, கிடைத்த பதில், குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்பது. வேலையை விடு என்றும் சொல்லவில்லை, வேலையில் பாட்டுப் பாடு என்றும் சொல்லவில்லை.

ஓய்வைப் பற்றியும் வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும். வேலையை நிறுத்துவதும் ஆராதனை என்று பத்துக் கட்டளைகளிலேயே இருக்கிறது, உபாகமம் 5இல் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. லாரன்ஸை மட்டும் படித்துவிட்டு ஓய்வே எடுக்காமல் உழைப்பதுதான் பக்தி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடிதங்களைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே தரம் அல்ல. நோயாளிக்கு எழுதிய பிற்காலக் கடிதங்கள் கடினமானவை, உங்கள் வேதனை நீங்க வேண்டும் என்று ஜெபிக்கவில்லை, தாங்கப் பெலன் வேண்டும் என்று ஜெபிக்கிறேன் என்கிறார். நோயில் இருப்பவருக்கு இந்தப் பக்கங்களைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், என் தாழ்மையான வேண்டுகோள். ஆனால் ஜெபத்தில் மனம் அலைகிறது என்று வருத்தப்பட்டவருக்கு எழுதிய கடிதம் அருமை. அலைந்தால் பதறாதே, மெதுவாகத் திருப்பிக் கொண்டுவா என்று எவ்வளவு கனிவாகச் சொல்கிறார்! போர்வீரர் ஒருவரைக் குறித்த கடிதத்தில், நடை அணிவகுப்பில் கையில் வாளோடு போகும்போதுகூட ஒரு சின்ன நினைவு போதும், அது எவ்வளவு குறுகியதானாலும் கடவுள் ஏற்கும் ஜெபம் என்கிறார். இதெல்லாம் எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை, முதல் பத்து ஆண்டுகள் மிகவும் கஷ்டப்பட்டேன் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஒரு வாரம் முயன்று முடியவில்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

வாங்குவதற்குமுன் நான்கு உரையாடல்களும் கடிதங்களும் சேர்ந்த பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் நடை பழசு, கொஞ்சம் பொறுமை வேண்டும். நர்ஸாக இருப்பவர், வண்டி ஓட்டுகிறவர், வீட்டில் நாள் முழுக்கக் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்கிறவர், இப்படி ஜெபிக்க நேரமே இல்லை என்று மனம் நோகிற யாருக்காவது வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாமல் நான்காவது உரையாடலை முதலில் படிக்கச் சொல்லுங்கள், பிறகு இரண்டாவது, அப்புறம் கடிதங்கள். கூடவே யாக்கோபு நிருபத்தையும் ஒருமுறை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள், முதலாளியாக இருப்பவருக்குக் கொடுத்தால் அதை முதலிலேயே வாசிக்கச் சொல்லிவிடுங்கள்.