லேசர் புள்ளிக்கோலம்: பூஜியா, பொது வேறுபாடா?

விதை, பழம் போன்ற உயிர்ப்பொருள் மீது லேசர் பட்டால் புள்ளிகள் கொதிப்பதுபோல் மினுங்கும். அந்த மினுக்கத்தைத் தொடர்ந்து படமெடுத்து அளக்க இரண்டு வழிகள்: பூஜி முறை, பொது வேறுபாட்டு முறை.

பூஜி முறை அடுத்தடுத்த படங்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துச் சேர்க்கிறது. முந்தைய படம் மட்டும் நினைவகத்தில் இருந்தால் போதும். 100 படங்களுக்கு ஒரு பிக்சலுக்கு 99 கணக்குகள்தான். ஆனால் வகுப்பதால் இருண்ட பகுதியின் இரைச்சலும் (படத்தில் கலக்கும் தேவையற்ற ஏற்ற இறக்கம்) பெரிதாகும். எனக்கு இதுதான் எரிச்சல்.

பொது வேறுபாட்டு முறை எல்லா ஜோடிகளையும் ஒப்பிடும்: 4950 கணக்குகள்! மலைக்க வேண்டாம். இங்கே படங்களின் வரிசை பொருட்டில்லை. பிக்சல் மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி, இடத்துக்கேற்ற எடையிட்டுக் கூட்டினால் அதே விடை. ஆனால் மாற்றம் வேகமானதா மெதுவானதா என்பது தெரியாது.

நேரலைக்கு பூஜி. மெதுவான அசைவுக்கு, தள்ளியிருக்கும் படங்களையும் ஒப்பிடும் மற்றது.