ரூமுக்கு நடுவுல எந்தச் சுவர்: செங்கலா, வெறும் டபுள் போர்டா, டேம்பிங் பசை வெச்ச டபுள் போர்டா?

ராமேஸ்வரத்துல கோயில்லேர்ந்து நடந்து போற தூரத்துல எங்க வீடு. மாடில இருந்த பெரிய ஹாலைத் தடுத்து யாத்திரை வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறோம். இங்க ஒரு ரூம்ல ராத்திரி 1 மணிக்கு வந்து படுத்தவங்க இருப்பாங்க, பக்கத்து ரூம்ல ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு 4 மணிக்கே எழுந்து அக்னி தீர்த்தம் கெளம்புறவங்க இருப்பாங்க, அவங்க பேசுறது இவங்களுக்குக் கேட்டா காலைல என் முகத்துலதான் முழிப்பாங்க. அதனால சுவர் விஷயத்துல நான் நெறைய மெனக்கெட்டிருக்கேன். கீழ அண்ணன் கட்டின செங்கல் சுவர் ஒன்னு, மாடில பக்கத்துக்கு ரெண்டு ஜிப்சம் போர்டு அடிச்ச, பசை இல்லாத டபுள் போர்டு ஒன்னு, அந்த ரெண்டு போர்டுக்கு நடுவுல அதிர்வை அடக்குற டேம்பிங் பசை வெச்சது ஒன்னு, மூணையும் ஒரே வீட்டுல கேட்டுப் பாத்தாச்சு. என் ஓட்டு பசைக்குத்தான்.

செங்கலைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல. எடைதான் சத்தத்தைத் தடுக்கும், எடை ரெண்டு மடங்கானா சுமாரா 5, 6 டெசிபல் கொறையும். நாலரை இஞ்ச் சுவர் ரெண்டு பக்கமும் பூசினா நல்லாவே தடுக்கும், உப்புக்காத்துல துருப்பிடிக்கவும் அதுல எதுவும் இல்ல. ஆனா 10க்கு 10 சுவர் 2 டன்னுக்கு மேல வரும். கீழ பீம் இல்லாத மாடித் தளத்து மேல அதை ஏத்தக்கூடாதுன்னு கொத்தனாரே சொல்லிட்டாரு. அதே அளவு போர்டு தடுப்பு, பக்கத்துக்கு ரெண்டு ரெண்டா நாலு போர்டு, உள்ள கிளாஸ் ஊல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) எல்லாம் சேர்த்து 400 கிலோவுக்குள்ள அடங்கிடும். தரைத்தளமா இருந்தா, எடமும் இருந்தா, செங்கலே கட்டிக்கோங்க, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

மாடிக்குன்னு வர்றப்போ போட்டி ரெண்டு போர்டு சுவருக்கு நடுவுலதான், இங்கதான் டேம்பிங் வருது.

பசை இல்லாத முதல் போர்டு சுவர்ல ஜிஐ சேனல் (ஜிங்க் பூசின இரும்புச் சட்டம்), கிளாஸ் ஊல், பக்கத்துக்கு ரெண்டு 12.5 மில்லி போர்டு, எல்லாமே ஒழுங்காத்தான் போட்டோம். சத்தம் கொறைஞ்சுது. ஆனா ஒரு விஷயம் என்னைப் படுத்திச்சு. அந்தப் பக்கம் மெதுவாப் பேசினாலும் என்ன பேசுறாங்கன்னு புரிஞ்சுது. "சோப்பு எடுத்தியா, சீப்பு எங்க"ன்னு வார்த்தை வார்த்தையா. ஏன்னு தேடிப் படிச்சப்பதான் வெளங்குச்சு. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் உண்டு, அங்க காத்துல வர்ற ஒலி அலையும் பலகை வளையுற அலையும் ஒன்னோட ஒன்னு பொருந்திப் போகும், பலகை அந்தச் சத்தத்தை அப்படியே வாங்கி அந்தப் பக்கம் குடுத்துடும், எவ்வளவு எடை இருந்தாலும் அந்த எடத்துல சுவர்ல ஒரு குழி மாதிரி. இதைக் கோயின்சிடென்ஸ்னு சொல்றாங்க. 12.5 மில்லி ஜிப்சத்துக்கு அது 2500லேர்ந்து 3000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுது. நம்ம பேச்சுல உயிரெழுத்துதான் சத்தமா இருக்கும், ஆனா சொல்லைப் புரிய வைக்கிறது ச, ட, ப மாதிரி மெய்யெழுத்து, அதுல முக்கியமான பங்கு அந்த 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு. சுவர் சரியா நமக்கு வேணாத எடத்துல ஓட்டையா நிக்குது.

அந்தக் குழியை நிரப்புறதுதான் டேம்பிங்கோட வேலை. எவர்சில்வர் தட்டை வெறுமன கரண்டியால தட்டினா ணங்னு நீளமாப் பாடும், அதுலயே தயிர்சாதத்தைப் போட்டுத் தட்டிப் பாருங்க, தொப்னு அடங்கிடும். எடை கொஞ்சம் கூடினது ஒரு பக்கம், ஆனா அதிர்வைச் சோறு தின்னுடுச்சு. போர்டுலயும் அதேதான், கெட்டியாகாம ரப்பர் மாதிரி இழுபடுற பசையை ரெண்டு போர்டுக்கு நடுவுல போட்டா, போர்டு வளையுறப்போ ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு வழுக்கப் பாக்கும், நடுவுல பசை இழுபடும், இழுபட்டு இழுபட்டு அதிர்வு சூடா மாறி அங்கயே செத்துடும்.

இங்க ஒரு தப்பு நடக்கப் பாத்துச்சு. ரெண்டாவது சுவர் போடுறப்போ வேலைக்கு வந்த தம்பி, "அக்கா, இந்தப் பசை ட்யூப் விலைக்கு நான் வெள்ளைக் கம்மே அடிச்சு ஒட்டிடுறேன், கல்லு மாதிரி நிக்கும்"னு சொல்லி டப்பாவைத் தொறந்தே வெச்சுட்டாரு. கல்லு மாதிரி நிக்கிறதுதான் பிரச்சினையே. கெட்டிப் பசையில ஒட்டினா ரெண்டு போர்டும் 25 மில்லி தடிமனான ஒரே பலகை ஆயிடும், தடிமன் ரெண்டு மடங்கானா அந்தக் குழி பாதிக்கு, அதாவது 1250, 1500 ஹெர்ட்ஸுக்கு எறங்கி வந்து பேச்சுக்கு நட்டநடுவுல உக்காந்துக்கும். தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க, அதுக்குப் பசையே இல்லாம ஸ்க்ரூ மட்டும் போடுறது எவ்வளவோ மேல்.

4க்கு 8 ஷீட்டுக்கு 2 ட்யூப் கணக்கு, ஒரு பக்கத்துக்கு எங்களுக்கு 7 ட்யூப் ஆச்சு, போர்டு விலையை விடப் பசை விலைதான் பல மடங்கு. பூசின முதல் வாரம் பெருசா வித்தியாசமே தெரியல, மனசே விட்டுப் போச்சு. அது தண்ணில கரைச்ச பசை, ரெண்டு போர்டுக்கு நடுவுல மெதுவாத்தான் காயும், ஒரு மாசம் பொறுக்கணும். அதுக்கப்புறம் ஒரு நாள் ரெண்டு சுவரையும் விரல் முட்டியால தட்டிப் பாத்தேன். முதல் சுவர் டொங்குன்னுச்சு, இது மணல் மூட்டையைத் தட்டின மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கம் பேச்சு நடக்குறது லேசாத் தெரியுது, என்ன பேச்சுன்னு தெரியல. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெளிய வேன் உறுமுறது, திருவிழா ஸ்பீக்கரோட திம் திம், இதுக்கெல்லாம் பசை பெருசா உதவல, அது எடையும் நடுவுல இருக்கற காத்து இடைவெளியும் பாக்க வேண்டிய வேலை. உள்ள வெக்கிற கிளாஸ் ஊலையும் சிலர் டேம்பிங்னு சொல்றாங்க, அது இடைவெளில இருக்கற காத்தோட அதிர்வைத்தான் அடக்கும், போர்டை அடக்காது, ரெண்டும் வேணும். அப்புறம் சந்து. 100 சதுர அடி சுவர்ல 1 சதுர அடிக்குச் சந்து விட்டா சுவர் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் 20 டெசிபலைத் தாண்டாது, அதனால விளிம்பெல்லாம் சந்தை அடைக்கிற சீலன்ட் அடிங்க, ரெண்டு ரூம் ஸ்விட்ச் பாக்ஸையும் முதுகோட முதுகா வெக்காதீங்க.

பராமரிப்புல செங்கல்தான் ஜெயிக்கும், மறைக்கல. 1914ல தொறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குக் காலம்பூரா பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்த ஊரு இது, 2025ல வந்த புதுப் பாலத்துக்கும் துரு அண்டாம இருக்க பாலிசிலாக்ஸேன் கோட்டிங் குடுத்துத்தான் நிறுத்தியிருக்காங்க. முதல் சுவர்ல போட்ட கறுப்பு ஸ்க்ரூ தலையெல்லாம் ஒரு வருஷத்துல துருப்பிடிச்சு, மேல பூசின சுவர்ப் புட்டில பழுப்புப் புள்ளியா வந்துடுச்சு. ஸ்க்ரூ புடி விட்டா போர்டு படபடக்கும், அப்புறம் பசை இருந்தும் பிரயோஜனமில்ல. அதனால ரெண்டாவதுல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஈரம் தாங்குற பச்சை போர்டு, நல்ல ஜிங்க் கோட்டிங் சேனல். இந்த மாதிரிப் பசை சூட்டுக்கு ஏத்தபடி இளகுற ஜாதி, ஏசி போடாத ரூம்ல நாலஞ்சு சித்திரை கழிச்சும் இப்படியே இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், எனக்கு ஒரு கோடைதான் அனுபவம்.

மூணாவது தடுப்பு இன்னும் பாக்கி. வாடைக் காத்துல ஈரம் ஜாஸ்தி, பசை காயாது, தை பொறந்ததும் ஆரம்பிக்கலாம்னு தம்பிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், இந்தத் தடவை 14 ட்யூபும் மதுரைலேர்ந்து முன்னாடியே வந்து எறங்கிடணும்.