டோம் வீட்டில் இரண்டு இரவு: கூடு உறுதி, தோல்தான் சரியில்லை

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு துரியான் தோப்பில் டோம் வீடு, அதாவது முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டிய அரைக்கோள வீடு, வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவியோடு போய் இரண்டு இரவு தங்கினேன். இரவுக்கு 180 வெள்ளி. இப்படி ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாமா என்று பார்க்கத்தான் போனது.

செம்பனை ஆலையில் முப்பது வருடம் வெல்டிங் செய்தவன் நான். உள்ளே நுழைந்ததும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். 6 மீட்டர் விட்டம், 65 இரும்புக் குழாய், இரண்டே அளவு. அந்தக் கூட்டின் மேல் தோலாக 40 முக்கோணத் தகடு. நடுவில் தூண் கிடையாது. ஒரு குழாயைப் பிடித்துத் தொங்கினேன், கூடு அசையவில்லை. வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. கனடாவின் மொன்றியலில் 1967 உலகக் கண்காட்சிக்கு அவர் வடிவமைத்த பெரிய டோமின் அக்ரிலிக் பிளாஸ்டிக் தோல் 1976இல் வெல்டிங் வேலையின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. எஃகுக் கூடு இன்றும் நிற்கிறது.

மத்தியானம் உச்சி ஜன்னலைத் திறந்தால் சூடு ஏறி வெளியே போய்விடுகிறது. சோலாரில் விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் விடியும்வரை ஓடின. அலமாரிதான் வளைந்த சுவரோடு ஒட்டவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. டோமில் வழியும் தண்ணீர் அடியில் சுற்றிக் கட்டிய சிமெண்ட் வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. தரை 28 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கே 280 லிட்டர். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்புறம் மெத்தையில் சொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆறு முக்கோணம் கூடும் முனையில் பூசிய சிலிகன் பசை நகம் பட்டதும் உரிந்து வந்தது.

"போன மாசம்தான் பூசினோம், அங்கிள்" என்றார் தோப்புக்காரத் தம்பி.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தரையைத் தொடும் 10 விளிம்பு போக, முக்கோணங்களுக்கு இடையே 55 இணைப்பு வெயிலையும் மழையையும் தாங்க வேண்டியிருக்கிறது. எத்தனை முறை பூசுவது? லயத்து வீட்டுத் தகரத்தைப் பாருங்கள். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அத்தாப்பு ஓலைக் கூரையும் அப்படித்தான். பசையே வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கிவிடும்.

கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, முக்கோணத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏற்றிப் படிய வைக்கலாம் என்று பசியாறும்போது வரைந்து காட்டினேன். மழை அதிகம் அடிக்கும் பக்கத்தில் முதலில் செய்து பார்க்கிறேன் என்றார் தம்பி. மாற்றியதும் நல்ல மழை நாளாகப் பார்த்து மறுபடி போய்த் தங்கப் போகிறோம்.