ஒரே வீட்டில் தனி அடுப்பு

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் என் அக்கா மகன் 2025 ஜூனில் கொதிக்கும் வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே வாக்குரிமை கிடையாது. இருந்தும் சோஹ்ரான் மம்தானி என்ற சோசலிஸ்டை ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளர் ஆக்குவதற்காக நடந்த உட்கட்சித் தேர்தலில் தொண்டனாக அலைந்தான். மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ அதில் தோற்றார். நவம்பரில் சுயேச்சையாக நின்று மறுபடியும் தோற்றார். வெற்றிச் செய்தி வந்த இரவு பையன் என்னை அழைத்தான். மகிழ்ச்சியோடு ஒரு சந்தேகமும் இருந்தது: "மாமா, வால் ஸ்ட்ரீட் பணத்தில் ஓடுகிற கட்சி இது. இதற்குள் புகுந்து வேலை செய்வது சரியா? இங்கே தோழர்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்."

இந்தச் சண்டையை நாம் 1934-லேயே தொடங்கிவிட்டோம் என்றேன். காங்கிரசை வைத்து இந்திய சோசலிஸ்டுகள் மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள்: உள்ளே தனி அமைப்பாக இருப்பது, வெளியேறித் தனிக்கட்சி நடத்துவது, தனி ஆட்களாகத் திரும்ப உள்ளே போவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளேயா வெளியேயா என்பதைவிட வேறொரு கேள்வி முக்கியமாகத் தெரிகிறது.

காங்கிரஸ் முதலாளித்துவக் கட்சிதானா என்று யாராவது கேட்பீர்கள். ஒரே சொல்லில் அப்படி அடைப்பது நியாயமில்லை. குத்தகை விவசாயியும் அதில் இருந்தார், ஆலைத் தொழிலாளியும் இருந்தார். ஆனால் செலவுக்குப் பணம் பிர்லா போன்றவர்களிடமிருந்து வந்தது. மாகாணக் கமிட்டிகளில் நிலக்கிழார்களும் வக்கீல்களும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த அலசலுக்கு அது போதும்.

உள்ளே, தனி அடுப்போடு

காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி நாசிக் சிறையில் கருக்கொண்டது. சட்டமறுப்பில் கைதாகி அங்கே அடைபட்டிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜே.பி.), அச்சுத் பட்வர்தன், மினு மசானி, அசோக் மேத்தா போன்ற இளைஞர்கள் காந்தியோடு வாதாடிக்கொண்டும் மார்க்ஸைப் படித்துக்கொண்டும் கண்ட முடிவு அது. 1934 மே மாதம் பாட்னாவில் ஆச்சார்ய நரேந்திர தேவ் தலைமையில் முதல் மாநாடு கூடியது. கட்சி விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர் மட்டுமே இதில் உறுப்பினராகலாம். அதாவது முதலில் நாலணா கட்டி காங்கிரஸ்காரர் ஆக வேண்டும், பிறகுதான் சோசலிஸ்ட். கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டே தனி அடுப்பு வைப்பது போன்ற ஏற்பாடு.

இதனால் கிடைத்த லாபம் பெரியது. விவசாய சங்கங்களும் தொழிற்சங்கங்களும் காங்கிரஸ் கொடியின் நிழலில் வளர்ந்தன. கிராமத்துக்குப் புதிதாகப் போகும் சோசலிஸ்டை யாரும் அந்நியராகப் பார்க்கவில்லை. காந்தி கட்சிக்காரர் என்று உள்ளே அழைத்தார்கள். சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்த ஜீவாவும், பி. ராமமூர்த்தியும் தமிழ்நாட்டில் இந்த மேடையில்தான் நின்றார்கள். 'ஜனசக்தி' ஏடு 1937-ல் பிறந்தது இந்தக் காலத்தில்தான். 1942-ல் தலைவர்கள் அத்தனை பேரும் சிறைக்குள் போன பிறகு வெள்ளையனே வெளியேறு போராட்டத்தைத் தலைமறைவில் இருந்து இழுத்துச் சென்றவர்களில் முன்வரிசை இவர்களுடையது. ஹஜாரிபாக் சிறைச்சுவரைத் தாண்டிய ஜே.பி. ஒரே இரவில் நாட்டுக்கே நாயகரானார். வெளியே தனியாக நின்றிருந்தால் இந்தப் புகழுக்கு வாய்ப்பே இல்லை.

நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் சோசலிஸ்ட் தலைவரான பாட்லிவாலா மீது ராஜத்துரோகப் பேச்சு என்று வழக்குப் போட்டு ஆறு மாதம் உள்ளே தள்ளியது. நேரு கொதித்துப்போனார். நான் சென்னைக்கு வந்து இதே பேச்சைப் பேசினால் என்னையும் கைது செய்வீர்களா என்று ராஜாஜியைக் கேட்டார். செய்வேன் என்றார் ராஜாஜி. ராஜாஜியிடம் ஒளிவுமறைவு இல்லாத இந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் சொந்தக் கட்சிக்காரனை வெள்ளைக்காரன் சட்டத்தில் கைது செய்த கட்சிக்குள்தான் சோசலிஸ்டுகள் தொடர்ந்து சந்தா கட்டினார்கள்.

அதைவிடப் பெரிய சோதனை 1939-ல் திரிபுரி காங்கிரஸ் மாநாட்டில் வந்தது. காந்தி ஆதரித்த பட்டாபி சீதாராமய்யாவை 1,580-க்கு 1,377 என்ற கணக்கில் வென்று சுபாஷ் சந்திர போஸ் இரண்டாம் முறை தலைவர் ஆகியிருந்தார். இடதுசாரி வாக்குகள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. மாநாட்டுக்கு அவர் கடும் காய்ச்சலோடு ஸ்ட்ரெச்சரில் வந்தார். செயற்குழுவைக் காந்தியின் விருப்பப்படிதான் அமைக்க வேண்டும் என்று கோவிந்த் வல்லப் பந்த் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் கையைக் கட்டும் தீர்மானம் அது. காங்கிரஸ் சோசலிஸ்டுகள் என்ன செய்தார்கள்? நடுநிலை வகித்தார்கள். காங்கிரஸ் உடைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். தீர்மானம் நிறைவேறியது; ஏப்ரல் இறுதியில் போஸ் பதவி விலகினார். வீடு உடையக் கூடாது என்ற கவலை ஒருவனுக்கு வந்துவிட்டால், சண்டையில் அவன் பாதி தோற்றுவிட்டான். வீட்டை உடைப்பதற்கு மூத்தவர்கள் அப்படித் தயங்குவதில்லை.

இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. சோசலிஸ்டுகள் காங்கிரசுக்குள் செய்ததை, கம்யூனிஸ்டுகள் சோசலிஸ்ட் கட்சிக்குள் செய்தார்கள். 1936-லிருந்து அவர்களை உள்ளே விட்டவர் ஜே.பி.தான். 1940-ல் வெளியேற்றியபோது தெற்கே அடுப்போடு சட்டி பானையும் போய்விட்டது. கேரளத்தில் பி. கிருஷ்ணப்பிள்ளை, ஈ.எம்.எஸ்., ஏ.கே. கோபாலன் என்று கட்சிக் கிளை ஏறக்குறைய முழுதாகவே கம்யூனிஸ்ட் கட்சி ஆனது. 1957-ல் அங்கே வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியின் வேர் இதில் இருக்கிறது. உள்ளே நுழைந்து வேலை செய்யும் உத்தியில் இந்தியாவில் அசலாக ஜெயித்தவர்கள் இவர்கள்தான் என்பேன். அவர்கள் போகும்போது எடுத்துப் போகச் சொந்த அமைப்பு, பத்திரிகை, சங்கம் எல்லாம் கையில் இருந்தது.

வாசலுக்கு வெளியே

1948-ல் காங்கிரஸ் தன் விதியைத் திருத்தியது: தனி விதியும் தனி உறுப்பினர் பட்டியலும் கொண்ட வேறு கட்சியில் இருப்பவர் காங்கிரசில் இருக்க முடியாது. தனி அடுப்பை அணை, இல்லையேல் கிளம்பு. சோசலிஸ்டுகள் மார்ச் மாதம் கூடி வெளியேற முடிவெடுத்தார்கள். கூடிய இடம், சிறையில் கருக்கொண்ட அதே நாசிக்.

வெளியே வந்த முதல் காரியமே அவர்களுடைய குணத்தைக் காட்டியது. காங்கிரஸ் சீட்டில் வென்ற இடம் நமக்குச் சொந்தமில்லை என்று நரேந்திர தேவும் கூட்டாளிகளும் உத்தரப் பிரதேச சட்டமன்றத்திலிருந்து விலகி இடைத்தேர்தலில் நின்றார்கள். இன்று இதைப் படிக்கிற எந்த எம்.எல்.ஏ.வும் சிரிப்பார். அயோத்தி இருக்கும் ஃபைசாபாத்தில் நரேந்திர தேவுக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது பாபா ராகவ தாஸ் என்ற சாமியாரை. கடவுளை நம்பாத இந்த மனிதருக்கா ராமர் பூமியின் வாக்கு என்று பிரச்சாரம் போனது. நாட்டின் மிகப் பெரிய சோசலிச அறிஞர் தோற்றார்.

1952 பொதுத்தேர்தலில் அடி இன்னும் பலமாக விழுந்தது. சோசலிஸ்ட் கட்சி சுமார் 10.6 சதவீத வாக்கு வாங்கி 12 இடம் பிடித்தது. கம்யூனிஸ்டுகள் 3.3 சதவீதம் வாங்கி 16 இடம் பிடித்தார்கள். தெலுங்கானா, மலபார், வங்காளம் என்று சில இடங்களில் ஆழமாக வேர்விட்டிருந்தவர்களுக்கும், நாடு முழுக்கத் தூவானமாகத் தெளித்திருந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. பதினான்கு ஆண்டுகள் காங்கிரஸ் மேடையில் பேசியதால் சோசலிஸ்டுகளை எல்லா ஊரும் அறிந்திருந்தது. எந்த ஊரும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

வெளியே இருந்தால் கை சுத்தமாக இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் (வேறொரு கட்சியோடு இணைந்தபின் சோசலிஸ்ட் கட்சிக்கு வந்த பெயர்) ஆட்சி அமைந்தது. 117 பேர் அவையில் கட்சிக்கு 19 பேர், முட்டுக்கொடுத்தது காங்கிரஸ். ஆகஸ்ட் 11 அன்று, தமிழகத்தோடு இணைப்புக் கேட்டுப் போராடிய தென் திருவிதாங்கூர் தமிழர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பட்டம் பதவி விலக வேண்டும் என்று கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா கேட்டார். அப்போது அவரே சிறையில் இருந்தார். கட்சி பட்டத்தின் பக்கம் நின்றது. சில மாதங்களில் காங்கிரஸ் ஆதரவை உருவிக்கொள்ள, ஆட்சி கவிழ்ந்தது; லோகியா பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டார். பதவி போனது, கட்சி உடைந்தது, குமரியில் செத்தவர்கள் செத்தவர்கள்தான். கேரளத்தில் சோசலிஸ்ட் என்று பேசினால் இன்னும் இதை நினைவுபடுத்தும் பெரியவர்கள் எங்கள் நாகர்கோவில் பக்கம் உண்டு.

1955 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோசலிச பாணிச் சமுதாயமே நம் இலக்கு என்று தீர்மானம் போட்டது. எதிர்க்கட்சிக்கென்று இருந்த ஒரே சட்டையையும் ஆளும் கட்சி மாட்டிக்கொண்டது.

தனி ஆளாக உள்ளே

பிறகு ஒருவர் ஒருவராகத் திரும்பிப் போனார்கள். அசோக் மேத்தா 1963-ல் திட்டக்குழுவின் துணைத் தலைவர் ஆகி, அடுத்த ஆண்டு காங்கிரசில் சேர்ந்தார். சந்திரசேகர் சேர்ந்து, காங்கிரசுக்குள் இடதுசாரிக் குரல் எழுப்பிய 'இளம் துருக்கியர்' குழுவின் முகமானார். கம்யூனிஸ்டாக இருந்த மோகன் குமாரமங்கலம் 1971-ல் புதுச்சேரியிலிருந்து காங்கிரஸ் எம்.பி.யாகி, உருக்கு, சுரங்கத்துறை அமைச்சரானார்.

இவர்கள் சாதித்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. மன்னர் மானியம் ஒழிந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் 1973-க்குள் அரசின் கைக்கு வந்தன. வெளியே இருந்த சோசலிஸ்டுகள் இருபது ஆண்டுகள் கேட்டும் கிடைக்காதவை இவை.

ஆனால் சாவி யாரிடம் இருந்தது? இந்திரா காந்திக்குச் சிண்டிகேட் எனப்பட்ட கட்சியின் மூத்த தலைவர்களோடு சண்டை இருந்தவரை இடதுசாரிகள் தேவைப்பட்டார்கள். சண்டை முடிந்தது, 1971-ல் 352 இடம் வந்தது, தேவை தீர்ந்தது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை, வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய அதே அரசு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களைக் கைது செய்து நசுக்கியது. 1975 ஜூன் நெருக்கடி நிலையில் சந்திரசேகர் காங்கிரஸ்காரராகவே சிறைக்குப் போனார். அவருக்குப் பின்னால் வேலைநிறுத்தம் செய்ய ஒரு சங்கமும் இல்லை, எதிர்த்து எழுத ஒரு தினசரியும் இல்லை. அடுத்த ஆண்டு 42-வது திருத்தம் அரசியல் சாசன முகப்புரையில் 'சோசலிச' என்ற சொல்லைச் சேர்த்தது. ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்திய சோசலிஸ்ட் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அப்போது கைதி.

மூன்றில் எது மேல் என்று கேட்டால், முதலாவது. மோசமானது மூன்றாவது, அது கொடுத்த பலன்களையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டாவதைப் பரிதாபத்தோடு மதிக்கிறேன். ஆனால் இன்றைய இந்தியாவில் முதல் வழியே அடைபட்டுவிட்டது. உட்கட்சி அமைப்புக்கு எந்தப் பெரிய கட்சியும் இடம் தராது. வேட்பாளரைத் தலைமை தீர்மானிக்கிறது. 1985-ன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும்.

நியூயார்க்கில் நிலவரம் வேறு. அங்கே கட்சி என்பது வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தில் போடும் குறி. யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லத் தலைமைக்கு அதிகாரமில்லை. கையெழுத்துச் சேர்த்து நின்று, பதிவு செய்த வாக்காளரிடம் ஜெயித்தால் சீட்டு உன்னுடையது. பூட்டு இல்லாத வீட்டுக்கு வெளியே நின்று கொள்கை பேசுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் 2013-ல் சியாட்டிலில் ஜனநாயகக் கட்சிக்கு வெளியே நின்றே நகரசபைக்கு வென்று, மணிக்கு 15 டாலர் கூலிக்கான போராட்டத்தில் முன்னால் நின்றாரே என்று பையன் கேட்டான். அந்த ஊர் நகரசபைத் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது, கண்ணா. அங்கே உள்ளே என்றும் வெளியே என்றும் இல்லை.

பூட்டு இல்லை என்பதால் வீட்டுக்காரர்கள் கும்பிட்டு வரவேற்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2021-ல் பஃபலோ நகரில் இந்தியா வால்டன் என்ற சோசலிஸ்ட் உட்கட்சித் தேர்தலில் நியாயமாக வென்றார். தோற்ற மேயர் பைரன் பிரவுன் ஒதுங்கவில்லை. அச்சடித்த சீட்டில் தன் பெயர் இல்லை என்றால் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்புகளை வாக்காளர்களுக்கு விநியோகித்து, முத்திரை குத்த வைத்தே மேயரானார். திரிபுரி ஞாபகம் வருகிறதா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் நான் செய்தது சரியா தப்பா என்றான் பையன்.

"நீ யாருக்குச் சந்தா கட்டுகிறாய்?" என்று கேட்டேன்.

"சோசலிஸ்ட் அமைப்புக்கு, மாதா மாதம். கார்டிலிருந்து தானாகப் போய்விடும்."

"ஜனநாயகக் கட்சிக்கு?"

"அதற்குச் சந்தா என்று ஒன்று இருக்கிறதா, மாமா?"