பாடுவது மீனா, நீரா? கரும்பொருளும் திருத்திய ஈர்ப்பும்

கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால், நிலவு நாட்களில் ஓர் ஒலி கேட்கும். மட்டக்களப்பாருக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒலி உண்டு என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எது பாடுகிறது என்பதில்தான் வழக்கு. மீன் என்பார் ஒருவர். ஊரி என்ற நத்தை என்பார் இன்னொருவர். உயிர் ஒன்றும் இல்லை, கல் இடுக்குகளில் நீர் ஓடும் ஓசைதான் அது என்பார் மூன்றாமவர்.

கச்சான் காற்று அடங்கியிருந்த ஓர் இரவில், உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கும் என் பிள்ளைகள் சிலரோடு அங்கே போயிருந்தேன். தெற்கு வானில் பால்வீதியின் நடுப்பகுதி நன்றாக உயர்ந்திருந்தது. துடுப்பில் காதை வைத்திருந்த ஒரு மாணவி திடீரென்று, “சேர், கரும்பொருள் என்று சொல்வதும் இப்படித்தானே? பாட்டு கேட்குது, பாடுறது யார் என்று தெரியல்ல” என்றாள். “ஓம் மகள், அதேதான்” என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கரும்பொருள், திருத்திய ஈர்ப்பு என்ற இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக எடைபோட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் பாட்டு எது என்று சொல்லிவிடுகிறேன். சூரியனுக்கு அருகில் இருக்கும் புதன் செக்கனுக்கு ஏறக்குறைய 47 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. பூமி 30. தொலைவில் கிடக்கும் நெப்டியூன் 5 சொச்சம். தூரம் கூடக் கூட ஈர்ப்புக் குறையும், வேகமும் குறையும். 1687இல் நியூட்டன் வெளியிட்ட விதி தரும் கணக்கு இது. எங்கள் பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்களிலும் ஒளி பெரும்பாலும் நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே ஓரத்தில் உள்ளவை ஆறுதலாகச் சுற்றவேண்டும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அந்திரோமேடா மண்டலத்தை அளந்தபோது, ஓரத்திலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பின்னர் அளந்த எத்தனையோ மண்டலங்களிலும் இதே கதை. கண்ணுக்குத் தெரியும் திணிவு மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்த வேகத்தில் ஓடும் விண்மீன்களைப் பிடித்து வைத்திருக்க அதன் ஈர்ப்புப் போதாது. 1933இலேயே ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா மண்டலக் கொத்தில் இப்படி ஒரு குறையைக் கண்டு சொன்னார். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்தவர்கள் குறைவு.

இதற்குப் பதில் இரண்டு விதம். ஒளியை விடாத, ஒளியை மறைக்காத ஏதோ ஒரு பொருள் மண்டலங்களைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது, அதன் ஈர்ப்புத்தான் இந்த வேலையைச் செய்கிறது என்பது ஒரு பதில். அந்தப் பொருளைத்தான் கரும்பொருள் என்கிறோம். மீன் இருக்கிறது, இன்னும் வலையில் விழவில்லை. கூடுதலாக ஒரு பொருளும் இல்லை, ஈர்ப்பு மிக மெலிந்துபோன இடத்தில் விதியே வேறு மாதிரி நடக்கிறது என்பது மற்றப் பதில். பௌதிகவியலாளர் மொர்டெகாய் மில்கிரோம் 1983இல் முன்வைத்த ‘மொண்ட்’ என்ற திருத்திய ஈர்ப்புக் கணக்கு இந்த இரண்டாவது வகை. பாடுவது நீரின் போக்கு.

எது அறிவுக்கு ஒத்துவருகிறது என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லாரும் தங்கள் மனதுக்குப் பிடித்ததையே சொல்வார்கள். ஆனால் இரண்டு வகைப் பதிலும் முன்பு ஒரு தடவை வென்றிருக்கிறது, அதுவும் ஒரே மனிதர் கையில் எடுத்த இரண்டு வழக்குகளில். யுரேனசின் ஓட்டம் கணக்குக்கு ஒத்துவராதபோது, பிரான்சின் லெ வெரியே காணாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கணித்து, அது நிற்கும் இடத்தையும் சொன்னார். 1846 செப்டெம்பரில் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் நின்றது. அங்கே மீன் அகப்பட்டது. பிறகு புதனின் சுற்றுப்பாதையிலும் ஒரு பிசகு தெரிந்தது. பாதை மெல்லத் திரும்புவதில் நூறு வருடத்துக்கு மிக நுண்ணிய மிச்சம் ஒன்று. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் 43 பங்கு என்பது இன்றைய அளவு. 1859இல் அதே லெ வெரியே அதே வைத்தியத்தைச் சொன்னார்: சூரியனுக்கு அருகே இன்னொரு பொருள் இருக்கவேண்டும். வல்கன் என்று பெயரும் வைத்துப் பல காலம் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த 43ஐ அப்படியே தந்தது. இந்த முறை மாறியது விதி.

ஆகவே பழைய கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்று கையில் இருக்கும் அளவுகளைத்தான் பார்க்கவேண்டும்.

மொண்டின் பலத்தைப் பலர் குறைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மில்கிரோம் சொன்னது ஒரே ஓர் எல்லை: செக்கன் வர்க்கத்துக்கு ஒரு மீற்றரை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் 1.2 பங்கு அளவு ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம். எவ்வளவு சிறியது என்று பாருங்கள். மட்டக்களப்பில் ஓய்விலிருந்து கிளம்பும் ஒரு பொருளை அந்த ஆர்முடுகலோடு ஒரு வருடம் முழுக்க இழுத்தாலும் 60 கிலோமீற்றர்தான் போயிருக்கும், ஏறக்குறைய அக்கரைப்பற்று வரை. அந்த எல்லைக்குக் கீழே நியூட்டனின் கணக்கு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், விண்மீனையும் வாயுவையும் மட்டும் எண்ணியே ஒரு மண்டலத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம். மங்கலான, ஐதான மண்டலங்களில் இந்தக் குறை மிகப் பெரிதாகத் தெரியும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். பின்னால் அளந்தபோது அப்படியே இருந்தது. 2016இல் ஸ்டேசி மக்கோவும் கூட்டாளிகளும் 153 மண்டலங்களை ஒரே வரைபில் போட்டார்கள். தெரியும் பொருளின் ஈர்ப்பும் உண்மையான ஆர்முடுகலும் ஒரே மெல்லிய கோட்டில் விழுந்தன. கரும்பொருள் மிகப் பெரும்பங்கு என்றால், சிறுபங்கான விண்மீன்களைப் பார்த்தே எல்லாவற்றையும் எப்படிச் சொல்லமுடிகிறது? கரும்பொருள் பக்கத்தில் இதற்கு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஆனால் அவை அளந்த பிறகு வந்த விளக்கங்கள். மில்கிரோம் அளக்கமுன்பே சொன்னார். இந்த வித்தியாசம் எனக்குப் பெரியது.

சரி, மண்டலத்தை விட்டு வெளியே வருவோம். மண்டலக் கொத்துகளில் மொண்ட் திணறுகிறது. விதியை மாற்றிய பிறகும், தெரிவதைப்போல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு திணிவு தேவைப்படுகிறது. அப்புறம் 2006இல் ஆராய்ந்து வெளியிட்ட புல்லட் கொத்து. இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிப் போயிருக்கின்றன. சாதாரண பொருளில் பெரும்பங்கு சூடான வாயு. அது ஒன்றோடொன்று உரசி நடுவில் தங்கிவிட்டது. ஆனால் பின்னால் உள்ள மண்டலங்களின் ஒளி வளைவதை வைத்து ஈர்ப்பு எங்கே என்று வரைந்தால், அது வாயுவோடு இல்லை, இரு புறமும் விலகி நிற்கிறது. விதியை மட்டும் மாற்றினால், பொருள் குவிந்த இடத்தை விட்டு ஈர்ப்பு ஏன் விலகி நிற்கவேண்டும்? உரசாமல் கடந்துபோன ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பதுதான் நேரான வாசிப்பு. ஈர்ப்பை வைத்துக் காணாததை அறிவது எங்களுக்கும் தூரத்துச் சங்கதி இல்லை: இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், பூமிக்கு அடியில் திணிவு குறைந்திருப்பதால், சராசரிப் பூமி வடிவக் கணக்கைவிடக் கடல்மட்டம் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை இழுப்பது மிகப் பழைய ஒளி. அகிலம் தோன்றி ஏறக்குறைய 3,80,000 வருடத்தில் விடுபட்ட அந்த ஒளியில், பிளாங்க் செய்மதி அளந்த சிற்றலைகள் உண்டு. ஒளி தள்ள, ஈர்ப்பு இழுக்க, அன்றைய சூடான பாய்மம் அதிர்ந்த சுவடு அது. ஒளியின் தள்ளலுக்கு அசையாத, சாதாரண பொருளைவிட ஐந்து மடங்கு அளவான ஒன்று இருந்தது என்று வைத்தால் அந்த அலைகள் கணக்கோடு மிக நுணுக்கமாகப் பொருந்துகின்றன. பொதுச் சார்பியலைத் தொடத் தேவையே இல்லை.

மொண்டைச் சார்பியலோடு சேர்க்கும் முயற்சிகளும் நடந்தன. 2004இல் பெக்கென்ஸ்டைன் ஒரு வடிவம் தந்தார். 2017 ஓகஸ்ட் 17இல், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மோதிய இரு நியூத்திரன் விண்மீன்களின் ஈர்ப்பலையும், ஒளியின் ஒரு வகையான காமாக் கதிரும் 1.7 செக்கன் இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகம் என்றாகிவிட, இரண்டுக்கும் வேறு வேகம் சொன்ன அந்த வடிவமும் அதைப்போன்ற பலவும் விழுந்தன. 2021இல் ஸ்கோர்டிசும் ஸ்லோஷ்னிக்கும் அமைத்த புது வடிவம் இந்தச் சோதனையையும் தாண்டி, பழைய ஒளியின் அலைகளோடும் பொருந்துகிறது. ஆனால் அதில் சேர்த்த புதிய புலம் இளம் அகிலத்தில் கரும்பொருள் தூசி போலவே நடக்கிறது.

கரும்பொருள் பக்கத்தின் வெறுமையையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் 7 தொன் திரவ செனனை வைத்து, கரும்பொருள் துணிக்கை ஏதும் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். இத்தாலியில் மலைக்கு அடியிலும் அதே தவம். ஒரு துணிக்கைகூட உறுதியாக அகப்படவில்லை. மீன் என்று நம்புகிறவனுக்கு இது கனக்கவேண்டும். எனக்குக் கனக்கிறது. அப்படியிருந்தும் நான் கரும்பொருள் பக்கமே நிற்கிறேன், பழைய ஒளிக்காகவும் புல்லட் கொத்துக்காகவும். அந்த மெல்லிய கோட்டுக்கு முழு விளக்கம் கிடைக்கும்வரை மில்கிரோமின் எல்லையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடமாட்டேன்.

என்னை மாற்றக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சில சோடி விண்மீன்கள், சூரியன் பூமி இடைத்தூரத்தைப்போல் 7000 மடங்குக்கும் மேல் விலகி நின்று ஒன்றையொன்று சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு மில்கிரோமின் எல்லைக்குக் கீழே போய்விடும். இடமோ மிகச் சிறியது, கரும்பொருள் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. கையா செய்மதியின் அளவுகளை வைத்து 2023இல் ஒரு குழு நியூட்டன் பிசகுகிறார் என்றது, இன்னொரு குழு பிசகவில்லை என்றது. கையா 2025இல் வேலையை நிறுத்தும்வரை அளந்து குவித்தவற்றில் இன்னும் வெளிவராதவை நிறைய. அவற்றில் நியூட்டன் தெளிவாகத் தோற்றால் நான் பக்கம் மாறுவேன். தோணியில் கேள்வி கேட்ட பிள்ளையிடமும் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.