பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாதம் புழங்கிய பிறகு

கண்ணாடியை மூன்றாம் முறையாக மாற்றியும் பொடி எழுத்து மங்கலாகவே தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கினேன். பழைய மொழிபெயர்ப்பு, 66 ஆகமங்களும் (புத்தகங்களும்) ஒரே கட்டில், கறுப்பு ரெக்ஸின் உறை, சுற்றிலும் ஜிப்.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். சமையலறைத் தராசில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. நின்றுகொண்டு ஒரு கையில் பிடித்து வாசிக்க முடியாது. ஆலயத்துக்கு எடுத்துப் போவது நடக்காத காரியம். வாங்கிய வாரம் இதை ஒரு குறையாகத்தான் நினைத்தேன்.

சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டத்தில், 17 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். அசனம் என்னும் சபை விருந்து என்றால் அரிசி, ஆட்டுக்கறி, விறகு. ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் காணிக்கைப் பொருள்களின் ஏலக் கணக்கு. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனிக்கு வேன். என் பழைய வேதாகமத்தை உதறினால் ரசீதாக விழும். சங்கீதத்துக்கு நடுவில் 2019 அசனத்தின் கறிக்கடைச் சீட்டு இருந்தது; எஸ்தரில் பாடகர் குழுவின் வருகைப் பட்டியல். ஆராதனையில் பாடம் வாசிக்கவும், அழைப்பிதழுக்கு வசனம் தேடவும் அதைத் திறப்பேன். எனக்காகத் திறந்தது, அப்பா இறந்த வாரமாக இருக்க வேண்டும்.

புதியது வீட்டை விட்டு நகராததால் அதற்குள் ஒரு சீட்டும் நுழையவில்லை. காலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தால், ஒரு அதிகாரம் முடியும்வரை அடுத்த வேலை ஞாபகம் வருவதில்லை. (வந்த நாள்களும் உண்டு.) எழுத்து கொத்துமல்லி விதை அளவு, கறுப்பு நன்றாகப் பதிந்திருக்கிறது. தாள்தான் மெல்லியது, பின்பக்கத்து எழுத்து நிழலாடுகிறது. விளக்கு பக்கவாட்டிலிருந்து விழுந்தால் அந்தத் தொந்தரவு குறையும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-ல் கொண்டுவந்த வேதாகமத்தின் வழிவந்த நடை இது. என் பேத்திக்குப் "பிரதியுத்தரம்" (பதில்) என்றால் புரியவில்லை. எனக்கோ அந்த நடையில் வேகமாக ஓட முடியாததே உதவியாக இருக்கிறது.

ஏழாம் மாதம் கடைசி ஆகமமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வந்தேன். எபேசு பட்டணத்துச் சபைக்கு இயேசு எழுதச் சொன்னது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கிரியை, பிரயாசம், பொறுமை என்று வரிசையாகப் பாராட்டு. பொருளாளர் பிரிவு உபசாரத்தில் வாசிக்கும் மடலைப்போல இருந்தது. நான்காம் வசனம்: "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்." இதே பகுதியை ஆலயத்தில் மேடையேறி, பிழையில்லாமல், கணீரென்று வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டுக் காணிக்கை எண்ணப் போனேன்.

அடுத்த வாரம் ஐயரை (எங்கள் சபைக் குருவை) பார்த்து, கணக்கை இளையவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். யார்மேல் கோபம் என்று கேட்டார். கமிட்டியில் இன்றும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். வேதம் வாசிக்க நேரம் வேண்டும் என்று ஒருவன் சொன்னால் நம்ம ஆட்கள் நம்புவதில்லை. உள்ளே வேறு காரணம் இருக்கும் என்று தேடுவார்கள். அசனத்துக்கு அரிசி அளக்கும் வேலையை மட்டும் விடவில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். ஜிப் மூன்றாம் மாதமே பல் விட்டது. கடையில் மாற்றித்தர மறுத்தார்கள். அடையாள நாடாவின் நுனி பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. என் மனைவி தீக்குச்சியைக் காட்டி நுனியை இறுக்கிக் கொடுத்தாள், அதன்பின் பிரியவில்லை. கடைசியில் உள்ள வரைபடங்களில் ஊர்ப் பெயர்கள் பூதக்கண்ணாடிக்கும் பிடிபடவில்லை; பெரிய எழுத்துப் பதிப்பில் இது என்ன நியாயமோ.

வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதானால் கூடவே மரத்தில் ஒரு சாய்வுப் பலகையும் வாங்குங்கள், மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். ஜிப் இல்லாத உறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆலயத்துக்குக் கொண்டுபோகத்தான் என்றால் இது வேண்டாம்.